ஒளித்து வைத்த வைன்

ஷிராஸ் எண்டதும் எங்களில் கனபேருக்கு ஈரானில் இருக்கிற அந்த நகரமும் கவிஞர் ஹாஃபிஸும்தான் நினைவுக்கு வரும். சிலுவைப்போருக்குப் போன ஒருவர் அங்கிருந்து முந்திரிகைக் கொடியைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு கதையும் நீண்டகாலம் உலாவியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வு, இந்தக் கொடியின் தாயும் தகப்பனும் தென்கிழக்குப் பிரான்சின் இரண்டு பழைய இனங்கள் என்று காட்டிவிட்டது. பிரான்சில் இதன் பெயர் சிரா. 1830களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவில் சேகரித்த தண்டுகளோடு இது அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஷிராஸ் வைனின் கனதி பழத்தின் கறுத்த தோலில் இருந்துதான் வருகிறது. நிறமும் துவர்ப்பும் அங்கேதான் இருக்கின்றன. சாயம் கூடின பிளேன்ரீயைக் குடித்தால் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்புத்தான். அது அடங்கக் காலம் எடுக்கும். கீழே வரும் சண்டைக்கே காரணம் அந்தக் காலம்தான்.

பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மக்ஸ் ஷூபர்ட் 1950இல் ஐரோப்பாவுக்குப் போனது ஷெரியும் போர்ட்டும் செய்வதைப் பார்க்க. அந்த நாளில் அவுஸ்திரேலியர் கூடுதலாகக் குடித்தது அதைத்தான். போன இடத்தில் போர்தோவில் நாற்பது, ஐம்பது வருடப் பழைய சிவப்பு வைன்களைச் சுவைத்தார். திரும்பிவந்து, அடிலெய்டுக்குப் பக்கத்தில் மகிலில், 1951இல் ஷிராஸையும் புதிய அமெரிக்க ஓக் பீப்பாக்களையும் வைத்து 'கிரேஞ்ச்' எண்டு ஒன்றைச் செய்தார். போர்தோவின் கபர்னே அங்கே போதியளவு கிடைக்காததும் ஷிராஸை எடுத்ததற்கு ஒரு காரணம்.

1956இல் சிட்னியில் பெரியவர்களுக்குச் சுவைக்கக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காட்டுப் பழங்களோடு எறும்பை நசுக்கிப் போட்டமாதிரி இருக்கு என்றுகூட ஒருவர் சொன்னாராம்! இன்றைக்கு ஷிராஸின் பெருமையாகச் சொல்லப்படுகிற அதே கனதிதான் அன்று குற்றமாகப் பட்டது. இருபது வருடத்துக்குச் செய்ததை ஐந்து வருடத்தில் குடித்துத் தீர்ப்பெழுதினால் வேறென்ன வரும்? 1957இல் பணிப்பாளர் சபை நிறுத்தச் சொன்னது.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 1958, 1959 மூன்று வருடமும் சிறிய அளவில் செய்து நிலவறையில் ஒளித்துவைத்தார். இதைத் தனியொருவரின் வீரக்கதையாக்க எங்களுக்கு விருப்பமில்லை. அடிலெய்டில் இருந்த ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் பின்னால் நின்றிராவிட்டால் அந்தப் பீப்பாக்கள் தப்பியிரா. இதற்கிடையில் முந்தைய போத்தல்கள் பதப்பட்டன, சபையின் மனமும் மாறியது. 1960இல் மீண்டும் செய்யச் சொன்னார்கள். 1962இல் சிட்னிப் போட்டியில் 1955ஆம் ஆண்டு வைனுக்குத் தங்கப் பதக்கம்.

ஒளித்துச் செய்த அந்த மூன்று வருட வைன்களில் மட்டும் புதிய ஓக்கின் மணம் இல்லை. களவாகச் செய்கிறவர் புதுப் பீப்பாவுக்கு யாரிடம் காசு கேட்பது?