ஊர்ப்பெயரில் எஞ்சிய ஓக் காடு: அயர்லாந்தின் பூர்வீக மரங்கள்

வட அயர்லாந்தில் ஒரு நகரத்துக்கு இரண்டு பெயர்கள். ஐரிஷ் தேசியவாதிகள் அதை டெரி என்பார்கள். பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்புவோரில் பலர் லண்டன்டெரி என்பார்கள். எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் எந்தப் பக்கம் என்று கணித்துவிடுவார்கள். இரண்டிலும் பொதுவாக இருக்கும் 'டெரி' என்ற பகுதியின் ஐரிஷ் மூலச்சொல் ஓக் மரச் சோலையைக் குறிக்கிறது.

அந்தத் தீவின் வரைபடத்தைப் பார்க்கப் பார்க்க இப்படியான பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மேயோ என்றால் யூ மரச் சமவெளி. கில்டேர் என்றால் ஓக் மரத் தேவாலயம். புளியங்குளம், நாவற்குழி, இலுப்பைக்கடவை என்று சொல்லிப் பழகிய எனக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாகத் தெரியவில்லை.

பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது அயர்லாந்து தனித் தீவானது. அதற்கு முன்னர் வந்து சேர்ந்த மரங்களே பெரும்பாலும் அங்கு பூர்வீகம். எனவே அவற்றின் வகைகள் குறைவு. ஆனாலும் ஒரு காலத்தில் தீவின் பெரும்பகுதியைக் காடுதான் மூடியிருந்தது.

8ஆம் நூற்றாண்டின் ஐரிஷ் சட்டநூல் ஒன்று மரஞ்செடிகளை வகுப்புக்கு ஏழாக நான்கு வகுப்புகளில் அடுக்கியது. முதல் வகுப்புக்குப் பெயர் 'காட்டின் பிரபுக்கள்'. ஓக், ஹேசல், ஹொலி, யூ, ஆஷ், ஸ்கொட்ஸ் பைன், காட்டு ஆப்பிள் ஆகியன அதில் அடங்கும். ஓக்கின் கொட்டை பன்றிகளுக்குத் தீனி. ஹேசல் மனிதருக்குக் கொட்டையும் வேலிக்குக் கம்பும் தந்தது. ஹொலியின் இலை மாரிகாலத்தில் மாட்டுக்குத் தீவனம். இவற்றில் ஒன்றை அத்துமீறி வெட்டினால் தண்டமாகக் கறவை மாடுகளைக் கொடுக்கவேண்டும்.

காடு அழிந்த பழி முழுவதையும் ஆங்கிலேயர் மீது போட்டுவிட முடியாது. ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்கால விவசாயிகள் வெட்டத் தொடங்கிவிட்டனர். காலநிலை ஈரமாகி, சதுப்புநிலம் பரவி, பைன் மரங்களை விழுங்கியது. அந்தக் குற்றிகள் இன்றும் கரிச்சேற்றுக்குள்ளிருந்து வெளிவருகின்றன.

ஆனால் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் நடந்தது வேறு. நிலமிழந்த ஐரிஷ் போராளிகளுக்குக் காடே மறைவிடம். அதனால் காட்டை வெட்டுவது இராணுவத் தேவையும் ஆனது, வருமானமும் ஆனது. இந்தக் கணக்கை எமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பறிக்கப்பட்ட நிலம் லண்டன் வணிகச் சங்கங்களுக்கு வழங்கப்பட்டது. 1613இல் டெரிக்கு முன்னால் 'லண்டன்' ஒட்டிக்கொண்டது இப்படித்தான். அந்த நகரையும் கோலரேன் நகரையும் கட்டுவதற்கு கிளென்கொன்கெய்ன் என்ற பெருங்காட்டிலிருந்து மரம் வந்தது. ஓக் சோலையின் பெயரைத் தாங்கிய ஊர், இன்னொரு ஓக் காட்டை வெட்டியே எழுப்பப்பட்டது. மிகுதிக் காடுகள் கப்பலுக்கும் பீப்பாய்க்கும் இரும்பு உருக்கும் கரிக்கும் போயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவில் எஞ்சிய காடு ஏறத்தாழ ஒரு வீதம்தான்.

இன்று அயர்லாந்துக் குடியரசின் காட்டுப் பரப்பு சுமார் 11 வீதம் என்கிறார்கள். எனக்கு உறுத்துவது இந்த எண்தான். அதில் மிகப் பெரிய பங்கு சிற்கா ஸ்புரூஸ் என்ற வட அமெரிக்க ஊசியிலை மரம். வரிசையாக நட்டு, முப்பது நாற்பது ஆண்டுகளில் மொத்தமாக அறுத்து விற்கும் பயிர் அது. அடர்ந்த நிழலில் நிலத்தில் அதிகம் எதுவும் முளைக்காது. பூர்வீக மரக்காடு மொத்த நிலத்தில் சுமார் இரண்டு வீதம்தான்.

அந்த இரண்டு வீதத்தில் பார்க்கவேண்டியது கெரி மாவட்டத்தின் கில்லார்னி. அத்திலாந்திக் மழை ஓயாத அந்த ஓக் காடுகளில் பாறை, கிளை, தண்டு எல்லாவற்றிலும் பாசியும் பன்னமும் படர்ந்திருக்கும். குளிர் நாட்டு மழைக்காடு என்று அதைச் சொல்லலாம். அருகிலேயே ரீனடின்னாவில், சுண்ணாம்புப் பாறை மீது, மண் என்று சொல்ல அதிகம் இல்லாத இடத்தில் யூ மரங்கள் மட்டுமே கொண்ட காடு ஒன்று நிற்கிறது. ஐரோப்பாவில் இத்தகைய காடுகள் மிக அரிது.

பாதுகாக்கப்பட்ட இந்தப் பூங்காவிலும் சிக்கல்தான். தோட்டத்துக்கு அழகு என்று கொண்டுவந்த ரோடோடென்ட்ரான் புதர் காட்டுக்குள் புகுந்து நிலத்தை இருட்டாக்கிவிட்டது. 1865இல் கொண்டுவந்த சிக்கா மான்கள் முளைக்கும் கன்றுகளைத் தின்கின்றன. வயதான மரங்கள் நிற்கின்றன. அவற்றின் பிள்ளைகளைக் காணோம்.

ஆஷ் மரத்தின் கதை இன்னும் மோசம். ஐரிஷ் தேசிய விளையாட்டான ஹர்லிங்கின் மட்டை ஆஷ் மரத்தின் அடித்தண்டிலிருந்து, வேர் வளையும் இடத்திலிருந்து செதுக்கப்படுவது. மரத்தைக் கொல்லும் பூஞ்சை நோய் 2012இல் அங்கு கண்டறியப்பட்டது. இறக்குமதி செய்த கன்றுகளோடு வந்தது. இப்போது மூங்கிலிலும் மட்டை செய்கிறார்கள்.

கோர்க் மாவட்டத்தின் பியாரா தீபகற்பத்தில் ஓவன் டால்டன் என்பவர் 2009இல் ஒரு பழைய பண்ணையை வாங்கினார். அங்கு தப்பியிருந்த சிறு காட்டை ஆடுகளும் மான்களும் கரம்பிக்கொண்டிருந்தன. அவர் கன்று எதையும் நடவில்லை. சுற்றி வேலி போட்டு, ரோடோடென்ட்ரானைப் பிடுங்கினார். ஓக், பேர்ச், ஹொலி எல்லாம் தாமாகவே முளைத்து வந்தன.