யவனர் தேறலும் வேங்கடத்து நறவும்

சங்க காலத் தமிழ் வேந்தர் அருந்திய யவன மது என்றவுடன் செந்நிறத் திராட்சை மதுவும் அதற்கு இணையான ஊன்விருந்தும் பலர் கண்முன் தோன்றுகின்றன. சான்றுகள் இக்காட்சியை உறுதிசெய்யவில்லை.

1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989–92 ஆண்டுகளில் விமலா பெக்லியின் குழுவினரும் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தனர். அங்குக் கிடைத்த இருகைப்பிடி மதுச்சாடிகளின் சில்லுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் பெரும்பங்கு ஏஜியன் கடலின் கோஸ் தீவுக்குரிய வகை என்று கண்டார். இரு களிமண் உருளைகளை ஒட்டிச் செய்த கைப்பிடியே அவ்வகையின் அடையாளம். இவ்வடிவத்தை இத்தாலியிலும் போலச் செய்தனர் என்பதால், ஒவ்வொரு சில்லையும் கோஸ் தீவின் மண் என்று கொள்வதற்கில்லை.

கோஸ் மதுவின் தனித்தன்மை அதன் உப்பு. திராட்சைச் சாற்றில் கடல்நீர் கலந்து அதனை ஆக்கினர். உரோமானியரான கேட்டோ தம் வேளாண் நூலில் அதன் செய்முறையைத் தருகிறார். சாற்றைத் திருடிய அடிமை ஒருவன் குறைந்த அளவைக் கடல்நீரால் ஈடுகட்டியதே இவ்வழக்கத்தின் தோற்றம் என்பது பிளினி கூறும் கதை. (வரலாறாக நம்புவதைவிடச் சுவைக்காகப் படிப்பது நலம்.) வெண்சாற்றில் கடல்நீர் கலந்தால் அதற்குத் தனிப்பெயர் உண்டு என்றும் அவரே குறிக்கிறார். ஆகவே சாடியின் வடிவத்தைக் கண்டு உள்ளிருந்த மது செந்நிறம் என்று முடிவு கட்டுவது பிழை.

இலக்கியமும் நிறத்தைச் சொல்லவில்லை. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில் யவனர் தந்த தேறலுக்குக் குளிர்ச்சியும் மணமுமே அடைகள். அங்கு வரும் ‘கலம்’ என்னும் சொல்லைப் பழைய உரைகாரர் குப்பி என்று கொள்கிறார். கப்பல் என்று கொள்வோரும் உளர். மதுவுக்குக் கிரேக்கச் சொல் எதுவும் அப்பாட்டில் கடன் வாங்கப்படவில்லை. வந்த பொருள் புதிது. அதைச் சுட்டும் ‘தேறல்’ தெளிவைக் குறிக்கும் ‘தேறு’ என்னும் வேரிலிருந்து பிறந்த உள்நாட்டுச் சொல்.

அத்தேறல் எவ்வுணவோடு அருந்தப்பட்டது? அப்பாட்டில் பொற்கலமும் அதனை ஏந்தும் மகளிரும் உண்டு, உணவு இல்லை. கரிகாலன் அளித்த விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படையிலோ அறுகு மேய்ந்த ஆட்டின் வெந்த தொடையும், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊனும் உண்டு; யவனர் இல்லை. யவன மது விருந்தின் துணையாக அன்றி, வேந்தனின் பெருமைக்கு அடையாளமாகவே பாடப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும். முசிறிப் பகுதிக்கு வந்த பொருள்களில் மதுவையும் சேர்த்து, ஆனால் அதிகமன்று எனப் பெரிப்புளூஸ் நூல் சொல்வதும் இதற்கு அரண். அரிதாக வருவதே அரசனின் கையில் ஏறும்.

தமிழகத்தின் வடவெல்லையில் நிலைமை வேறு. வேங்கடம் என்பது இன்றைய திருப்பதி மலை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் தலைவன் புல்லி. அவன் நாட்டு மறவர் யானையின் வெண்கோட்டைக் கொள்வதையும் நறவு விலைப்படுவதையும் மாமூலனார் அகநானூற்று 61ஆம் பாட்டில் ஒரே காட்சியில் வைக்கிறார். கல்லாடனாரின் 83ஆம் பாட்டில் இவ்விணைப்பு இன்னும் வெளிப்படை: பிடி கானத்தில் அலற, அதன் கன்றைப் பிரித்துக் கொணர்ந்த இளையர், கொடிகள் அசையும் அங்காடி மூதூரில் நறவு விற்கும் வீட்டு வாயிலில் மரநார்க் கயிற்றால் அதனைப் பிணிக்கின்றனர்.

முசிறிக்கு மது வந்ததைச் சொல்லும் பெரிப்புளூஸே அங்கிருந்து ஏற்றுமதியான பொருள்களுள் யானைத் தந்தத்தையும் எண்ணுகிறது. ‘எர்மாபொலோன்’ என்ற கப்பலின் சரக்கைப் பதிந்த வியன்னாப் பாப்பிரசிலும் தந்தம் இடம்பெறுகிறது. வேங்கடத்துக் கோடு அக்கப்பலில் ஏறியது என்று எப்பாட்டும் கூறவில்லை. ஆயினும் கடற்கரையில் தந்தம் வெளியேறி மது உள்ளே வந்த காலத்திலேயே, மலையடிவாரத்தில் யானைக்கன்று உள்ளூர் நறவுக்கடையின் வாயிலில் கட்டுண்டு நின்றது.