நற்பேற்றுக் கொம்பும் முரானோக் கண்ணாடியும்

மனித மனத்தின் அச்சமும் ஆசையும் அணிகலனாக வடிவெடுப்பது எல்லா நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். பிறருடைய பொறாமைப் பார்வையால் தீங்கு விளையும் என்றஞ்சிக் கண்ணேறு கழிக்கும் தமிழர்க்கு, அதே தீங்கினை ‘மலோக்கியோ’ என்று அழைக்கும் இத்தாலிய மக்கள் அயலாராகத் தோன்றார்.

அத்தீங்கைத் தடுக்க நேப்பிள்ஸ் வட்டாரத்தார் அணிவது ‘கோர்னிச்செல்லோ’ எனும் சிறு கொம்பு. மிளகாய் போல வளைந்து கூர்நுனி கொண்ட இவ்வணிக்குச் செந்நிறமே சிறப்பு. தமக்கெனத் தாமே வாங்கிக்கொள்வதினும், அன்புடையார் அளிக்கப் பெறுவதே நற்பேறு தரும் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

இந்நம்பிக்கையின் வேர் பழமையானது. உரோமச் சிறுவர் ‘புல்லா’ என்னும் காப்பணியைக் கழுத்தில் அணிந்தனர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட பொம்பெயி நகரில், கண்ணாடி மணிகளும் தாயத்துகளும் நிறைந்த பெட்டியொன்று கிடைத்த செய்தி 2019இல் வெளியாயிற்று. பொம்பெயி அழிந்த அதே நூற்றாண்டில் எழுந்த கிரேக்கக் கடல்வழி நூலாகிய ‘பெரிப்ளூஸ்’, முசிறிக்கு வந்திறங்கிய பண்டங்களுள் பவளத்தையும் உருப்பெறாத கண்ணாடியையும் குறிப்பிடுகின்றது. பின்னாளில் நற்பேற்றுக் கொம்புகளாக உருப்பெற்ற அவ்விரு பொருள்களும் அன்றே தமிழகக் கரையைக் கண்டன என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கொம்பு செய்யப் பவளமே பெரிதும் விரும்பப்பட்டது. நேப்பிள்ஸை அடுத்த தோர்ரே டெல் கிரேக்கோ பவள வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். எனினும் பவளம் எல்லார்க்கும் எட்டும் பொருளன்று. கண்ணாடியோ பவளத்தின் செம்மையையும் ஏற்கும். ஏழையின் கழுத்தையும் அணிசெய்யும்.

இத்தாலியக் கண்ணாடிக் கலையின் தாயகம் வடக்கே வெனிஸ் நகரை அடுத்துள்ள முரானோத் தீவு. நகரில் தீப்பரவலை அஞ்சிய வெனிஸ் அரசு, 1291இல் உலைகளை அத்தீவுக்கு மாற்றியது. 15ஆம் நூற்றாண்டில் ஆஞ்செலோ பரோவியெர் ‘கிரிஸ்தால்லோ’ என்னும் தெளிந்த கண்ணாடியை ஆக்கிப் புகழ்பெற்றார். பல நிற அடுக்குகளுக்குள் விண்மீன் வடிவம் தோன்றும் ‘ரொசெத்தா’ மணியை உருவாக்கியவர் அவர் மகள் மரியெத்தா என்பர். விளக்குச் சுடரில் கண்ணாடிக் கோலை இளக்கி, உலோகக் கம்பியில் சுற்றி மணியாக்குவதும், இளகிய கண்ணாடியை இழுத்து வளைத்துக் கொம்பாக்குவதும் கைத்திறனாலேயே நிகழ்வன. இமைப்பொழுது தாழ்த்தினும் வடிவம் கெடும். விரைந்து குளிர்ந்தால் விரிசல் காணும்.

இவ்வழகின் பின்னே துயரமும் உண்டு. தொழில் மறை வெளியேறிவிடும் என்றஞ்சிய அரசு, கைவினைஞர் அயல்நாடு செல்வதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. வெனிஸ் மணிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரையே விலைக்குக் கொள்ளும் வணிகத்திலும் பயன்பட்டன. அணிந்தோர்க்கு நன்மை தருவன எனப்பட்ட மணிகள், எத்தனையோ குடும்பங்களைப் பிரித்த வணிகத்திற்குத் துணைபோயின! மணிகளை நூலில் கோத்த ‘இம்பிராரெஸ்ஸே’ என்னும் வெனிஸ் பெண்டிர், வீட்டு வாயில்களில் அமர்ந்து நாள் முழுதும் உழைத்தும் சிறு கூலியே பெற்றனர். அவர்கள் 1904இல் வேலைநிறுத்தம் செய்து தம் உரிமையைக் கேட்டனர்.

2020இல் யுனெஸ்கோ நிறுவனம், இத்தாலியும் பிரான்சும் போற்றிவரும் கண்ணாடி மணிக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்மதிப்பு, பெயர் அறியப்படாத அக்கைகளுக்கும் உரியதன்றோ?

கொம்பு நற்பேறு தருமா என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆயின் அதனை அன்பளிப்பாகவே பெறவேண்டும் என்ற வழக்கில் ஓர் உண்மை உண்டு. நன்மை என்பது ஒருவர் மற்றொருவர்க்கு வழங்குவதாலேயே வருவது. அவ்வணியைப் பெற்று மகிழ்வோர், கொடுத்தவரை நினைப்பதோடு, சுடர்முன் அமர்ந்து அதனை ஆக்கியவர்க்கு உரிய ஊதியம் சேர்ந்ததா எனவும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.