நவம்பர் 1: எல்லைக்கோடு இடம்பெயர்ந்த நாள்

தமிழ் நிலத்தின் அரசியல் வரைபடம் நவம்பர் 1 என்னும் ஒரே தேதியில் இருமுறை மாறியது. முதல் மாற்றம் 1954-இல் நிகழ்ந்தது. கீழூரில் அக்டோபர் 18 அன்று கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்து வாக்களித்ததைத் தொடர்ந்து, புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் நவம்பர் 1-இல் இந்திய அரசிடம் வந்தது.

1956-ஆம் ஆண்டின் மாற்றமோ பெரும் போராட்டத்தின் விளைவு. மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த மறுசீரமைப்புச் சட்டத்தின்படி, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் (மாவட்டத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவான தாலுகாக்கள்) கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் சிந்திய இரத்தமும் இல்லாமல் இந்த இணைப்பு கைகூடியிருக்காது.

அதே நாளில் மலபார் கேரளத்துக்கும், கொள்ளேகால் மைசூருக்கும் சென்றன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும், தோட்டத் தொழிலாளர் நிலையாகக் குடியிருப்பவர் அல்லர் என்பது உள்ளிட்ட காரணங்களால், கேரளத்திலேயே நிறுத்தப்பட்டன. தேயிலைத் தோட்டங்களைத் தம் உழைப்பால் உருவாக்கியவர்களை வந்துபோவோர் எனக் கணக்கிட்டது பெரும் அநீதியே.

நிலம் பிரிந்தாலும் உறவு அறுபடவில்லை என்பதற்குக் கல்குளம் வட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை சான்று. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த ஊரின் அந்த மரக்கட்டட மாளிகை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும், அதைப் பராமரிப்பது கேரள அரசே. நவராத்திரிதோறும் அங்கிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகையில், எல்லையான களியக்காவிளையில் கேரளத்தார் திரண்டு வரவேற்கின்றனர்.

எல்லை மாறியபோதும் மாநிலத்தின் பெயர் சென்னை என்றே நீடித்தது. தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் அந்த நவம்பருக்குச் சில வாரங்கள் முன்பே உயிர்நீத்தார். அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது.