வன்னியிற் சீனச் சோறு

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு 1911இல் காலியிற் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளிற் பொறித்த கல் அது. இலங்கையிற் சீனருறவு அத்துணைப் பழமையானது; அவர்தம் பொரித்த சோறோ வன்னிக்கு அண்மையில் வந்த விருந்தாளி. ஆறிய சோற்றைப் பெருந்தீயில், முட்டையும் சோயாச் சாறும் கூட்டிப் புரட்டுவதே அதன் நுட்பம். எஞ்சிய சோற்றுக்கு நீர்வார்த்துப் பழஞ்சோறாக்கிய உழவர் நாட்டில் இது புதுமைதான்.

கொழும்பிலிருந்து பண்டங்கள் வந்த கண்டி வீதி 2006 ஆகஸ்டில் அடைபட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலிற் சிக்குண்ட மக்களுக்கு அரிசிக் கஞ்சியே உணவாயிற்று, நெல் விளைந்த நாட்டிலே! ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சி நினைவாகக் காய்ச்சப்படுகிறது.

போர் ஓய்ந்து வீதி திறந்தபின், கிளிநொச்சிக் கடைகளில் ‘பிறைட் றைஸ் பார்சல்’ இரவுணவாகக் கட்டிக் கொடுக்கப்படுகிறது. சமைப்பவர் தமிழர், மிளகாயும் தாராளம். சீனர் உண்டால் தமதென்று அறிவாரோ, ஐயமே.