இன்று யார் முறை?

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலைப் பொதுவெளியில் வைத்தது. நிரல் வெளியே வந்தபின் பிழைப் பட்டியல் மட்டும் உள்ளே பூட்டிக் கிடக்க முடியுமா? டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 1994 முதலே மின்னஞ்சல் வழியாகப் பொதுமக்களிடம் பிழைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்த அந்த நிரலை வளர்க்கும் மொசில்லா திட்டத்துக்காக டெர்ரி வைஸ்மன் எழுதிய பக்சில்லா என்ற பிழைப்பதிவு மென்பொருளும் 1998இல் வந்தது. அவர் அதை முதலில் டிக்கிள் மொழியில் எழுதினார். பிறகு அது பெர்லுக்கு மாறியது. கணக்குத் தொடங்கிய எவரும் அதில் ஒரு பக், அதாவது பிழை, பதியலாம்.

பதியலாம், சரி. வந்து குவிவதை யார் படிப்பது?

இந்தக் கேள்வியிலிருந்துதான் டிரையாஜ் என்ற வேலை பிறக்கிறது. தரம் பிரித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. கம்பளியைத் தரம் பிரிக்கும் வணிகத்தில் புழங்கியது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, அடிபட்டவர்களின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சை வரிசையை வகுத்தார். அந்த வழக்கத்துக்குப் பின்னாளில் ஒட்டிக்கொண்ட பெயரைத்தான் மென்பொருள்காரர்கள் இரவல் வாங்கினார்கள்.

பக்சில்லாவில் புதியவர் ஒருவர் பதியும் பக் ‘அன்கன்ஃபர்ம்ட்’ (உறுதிசெய்யப்படாதது) என்ற நிலையில் வந்து நிற்கும். டிரையாஜ் பார்ப்பவர் அதைத் திருத்த உட்காருவதில்லை. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தால் பிழை வருகிறது என்று பார்த்து, தன் கணினியிலும் அதை வரவழைக்க முயல்வார். ஏற்கெனவே பதிந்ததென்றால் ‘டூப்ளிகேட்’. தன்னிடம் வரவேயில்லை என்றால் ‘வொர்க்ஸ்ஃபார்மீ’. திருத்தப் போவதில்லை என்றால் ‘வோன்ட்ஃபிக்ஸ்’. எங்கோ ஒருவர் அரைமணி நேரம் செலவழித்து எழுதியதை ஒரே சொல்லில் மூடிவிடும் அதிகாரம் இது. அதனால்தான் இதைச் சில்லறை வேலை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

முறை வைத்துப் பார்க்கும் வழக்கம் மொசில்லாவில் இன்னொரு மூலையில் வேர்விட்டிருந்தது. டிண்டர்பாக்ஸ் என்றொரு பக்கம். நிரலில் மாற்றம் சேரச் சேர, நிரலைத் தொகுத்து இயங்கும் மென்பொருளாக்கும் பில்டு வேலையின் நிலவரம் அதில் நிறக் கட்டங்களாகத் தெரியும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆரஞ்சு என்றால் சோதனை தவறியது, சிவப்பு என்றால் பில்டே உடைந்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் கண்கொட்டாமல் பார்த்திருக்க ஒரு ‘ஷெரிஃப்’ உண்டு. பொறியாளர்களே முறைபோட்டு அந்தப் பொறுப்பில் அமர்ந்தார்கள். சிவப்பு விழுந்ததும் ஷெரிஃப் புதிய மாற்றங்களுக்குக் கதவை மூடுவார். உடைத்தது எது என்று தேடுவார். தேவைப்பட்டால் அதைப் பின்வாங்கச் செய்வார். எவ்வளவு மூத்த நிரலாளரின் மாற்றமாக இருந்தாலும் அன்றைக்கு ஷெரிஃப் சொல்வதுதான் சட்டம். பின்னாளில் கூகுளின் குரோமியம் திட்டமும் ஷெரிஃப் என்ற பெயரிலேயே இந்த முறைக்காவலை நடத்தியது.

உபுண்டு லினக்ஸின் சர்வர் குழு இந்த முறைவைப்பையே பக் பட்டியலின் பக்கம் திருப்பியது. வார நாள் ஒவ்வொன்றுக்கும் ஒருவர். முந்தைய நாள் வந்தவை அவர் பொறுப்பு. மறுநாள் அடுத்தவர். எல்லோருக்கும் திறந்திருக்கும் பட்டியலை, அடுத்தவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவது மனித இயல்பு. பெயர் எழுதிய அட்டவணை அந்தச் சாக்கை எடுத்துவிடுகிறது. நிரல் எழுதுகிறவரே வாரத்தில் ஒருநாள் பயனரின் வேதனையை நேரில் படிக்க நேர்வதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய பலன்.

தமிழ் படிப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஃபயர்பாக்ஸ் 2 காலத்தில், இருபுறமும் சமன்செய்த பத்தியில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். ‘கொ’வின் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று கழன்று நிற்கும். தமிழ் தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவர் கண்ணுக்கு எந்தக் குறையும் படாது. அவர் ‘வொர்க்ஸ்ஃபார்மீ’ என்று மூடினால் அவர்மீது கோபப்படவும் நியாயமில்லை. 2008 ஜூன் 17 அன்று ஃபயர்பாக்ஸ் 3 வெளியானபோது, மாற்றி எழுதப்பட்ட எழுத்துக்காட்டும் பொறியில் அந்தக் கொம்பும் காலும் தம் இடத்துக்குத் திரும்பின.

2016இல் மொசில்லா ஒவ்வொரு பிரிவுக்கும் டிரையாஜ் பொறுப்பாளர் என்று ஒருவரை நியமிக்கத் தொடங்கியது. 2019இல், புதிய பக் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஊகிக்கும் வேலையை இயந்திரக் கற்றலிடமும் கொடுத்துப் பார்த்தது. ஆனால் ‘கொ’ உடைந்திருக்கிறது என்று சொல்ல இன்றும் தமிழ் வாசிக்கும் ஒருவர் வேண்டும். எந்தச் செயலியிலாவது நம் எழுத்து சிதைந்து தெரிந்தால் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பதிப்பு எண்ணை எழுதுங்கள். சிதைந்த எழுத்தின் திரைப்பிடிப்போடு, அது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு படம் சேர்த்து அனுப்புங்கள். அன்று முறையில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.