மிஞ்சிய மேப்பிள் பாகு

கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் அவற்றை ஒட்டிய காடுகளிலும், குளிர்காலம் முடியும் தறுவாயில் சில வாரங்கள் மட்டுமே சர்க்கரை மேப்பிள் மரத்திலிருந்து இனிப்புச் சாறு கிடைக்கிறது. இரவில் உறைபனியும் பகலில் பனி உருகும் வெதுவெதுப்பும் மாறி மாறி வந்தால்தான் தண்டில் இட்ட துளை வழியே சாறு சொட்டும்; மொட்டு விரியத் தொடங்கியதும் அதன் சுவை கெட்டுவிடும். சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே இருப்பதால் 1 லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. இப்படிச் சில வாரங்களில் வந்து குவிவதை ஆண்டு முழுவதும் கெடாமல் வைத்திருக்கும் முயற்சியிலிருந்தே மேப்பிள் தின்பண்டங்கள் பல பிறந்தன.

பேரேரிகளின் கரைகளில் வாழும் அனிஷினாபே மக்கள் பாகை நீண்ட காலத்துக்குச் சேமித்ததில்லை. காற்றுப் புகாத கலம் இல்லாத நிலையில் அது புளித்துப்போகும் என்பதால், நீர் வற்றும்வரை காய்ச்சிச் சர்க்கரையாக்கி, ‘மக்கக்’ எனப்படும் பூர்ச்ச மரப்பட்டைப் பெட்டிகளில் அடைத்து வைத்தனர். 1855இல் சுப்பீரியர் ஏரிக்கரையில் தங்கிய ஜெர்மானியப் பயணி யோஹான் கியோர்க் கோல், அவர்கள் செய்த சர்க்கரையை மூன்று வகையாகப் பதிவுசெய்திருக்கிறார்: துடுப்பால் கிளறி உதிர்த்த மணிச் சர்க்கரை, மர அச்சுகளில் வார்த்த கட்டிச் சர்க்கரை, கொதிக்கும் பாகைப் பனிமேல் ஊற்றி எடுத்த பிசின் சர்க்கரை. அச்சுகளில் கரடியின் பாதமும் பூக்களும் விண்மீன்களும் செதுக்கப்பட்டிருந்தன என்பதிலிருந்து, சேமிப்புப் பண்டமே குழந்தைகளுக்கான மிட்டாயாகவும் இருந்ததை ஊகிக்கலாம். உப்புக்கு ஈடாக இறைச்சியிலும் மீனிலும் காட்டரிசியிலும் இதே சர்க்கரை சேர்ந்தது.

குடியேறிய ஐரோப்பியரிடமும் நெடுங்காலம் சர்க்கரையே முதன்மையாக இருந்தது. 1791இல் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அடிமை உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மேப்பிள் சர்க்கரையே மாற்று என வாதிட்டுத் தாமஸ் ஜெபர்சனுக்கு நீண்ட மடல் எழுதினார். ஜெபர்சனும் தம் மான்டிசெல்லோ பண்ணையில் மேப்பிள் கன்றுகளை நட, பெரும்பாலானவை பட்டுப்போயின. அடிமைகளை வைத்து நடத்திய பண்ணையில் அடிமைமுறைக்கு மாற்றான மரம் நடப்பட்டது என்ற முரண் கசப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புச் சர்க்கரை மலிந்து, தகர டப்பாக்களும் பரவியபின், பாகைப் பாகாகவே விற்பது வழக்கமாயிற்று. சர்க்கரைக் கட்டி அன்றாடத் தேவை என்ற நிலையிலிருந்து பரிசுப் பண்டமாகச் சுருங்கியது.

ஆயினும் பதம் பார்க்கும் கலை வீடுகளில் தங்கிவிட்டது. சாறு ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் பாகாகிறது. அதை 112 டிகிரிவரை ஏற்றி, அசைக்காமல் குளிரவிட்டுப் பின் கடைந்தால் ரொட்டியில் தடவும் மேப்பிள் வெண்ணெய் கிடைக்கிறது. பெயரில் வெண்ணெய் இருந்தாலும் அதில் பால் துளியும் இல்லை. இன்னும் ஓரிரு டிகிரி கூடினால் கியூபெக் மக்கள் ‘தீர்’ என்றழைக்கும் இழுவை மிட்டாய்க்கான பதம் வரும். சர்க்கரைக் குடில்களில் மரத்தொட்டியில் பனியை அழுத்தி நிரப்பி, அதன்மேல் சூடான பாகைக் கோடுகோடாக ஊற்றுகின்றனர். சில நொடிகளில் மேற்புறம் இறுகியதும் மரக்குச்சியை ஓரத்தில் அழுத்திச் சுருட்டியெடுத்தால், வெளியே குளிர்ந்தும் உள்ளே இளஞ்சூடாகவும் பல்லில் ஒட்டும் மிட்டாய் கைக்கு வருகிறது. வெர்மான்டில் இதனுடன் ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொள்வது மரபு. திகட்டலை அந்தப் புளிப்பு முறிப்பதால் இன்னொரு சுற்றுச் சாப்பிட முடிகிறது.

மிஞ்சிய பாகைக் கியூபெக் சமையலறை வீணாக்குவதில்லை. மாவுருண்டைகளை அதில் வேகவைப்பது ‘தாத்தாக்கள்’ எனப் பொருள்படும் பண்டம். பெருமந்தக் காலத்தில் எளிய மாவின்மேல் சூடான பாகை ஊற்றிச் சுட்டதற்கு ‘வேலையற்றோர் புட்டிங்’ என்றே பெயர் நிலைத்தது. மாகாணத்தின் மிகுதியோ வேறு அளவிலானது. நல்ல பருவத்தின் உபரியை மோசமான பருவத்துக்கு வைக்க உற்பத்தியாளர் கூட்டமைப்பு 2000இல் சேமக் கிடங்கு முறையைத் தொடங்கியது. அங்கிருந்து 2011க்கும் 2012க்கும் இடையே ஏறத்தாழ 3,000 டன் பாகு களவுபோனது. 2012 கோடையில் இருப்பைச் சரிபார்க்கப் பீப்பாய்களின்மேல் ஏறியவர், காலடியில் ஒன்று ஆட்டம் கண்ட பிறகே அது காலியென அறிந்தார். வேறு சிலவற்றில் தண்ணீர் நிரப்பப்பட்டிருந்தது.